நுரையீரலில் ஒரு சாதாக் கட்டி: பார்த்துக்கொண்டே இருப்பதா, ஊசி போட்டுப் பார்ப்பதா, எடுத்துவிடுவதா?

பெரியப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் வழக்கமாக எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம், ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. சி.டி. எடுத்ததில் 18 மி.மீ. என்று வந்தது. இருமல் இல்லை, சளி இல்லை, எடையும் குறையவில்லை. அடுத்த பத்து நாளில் மூன்று டாக்டர்களைப் பார்த்தோம், மூன்று பதில் கிடைத்தது. "டிபியாத்தான் இருக்கும், மாத்திரையை ஆரம்பிச்சிடலாம்" என்றார் ஒருவர். "ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்காம எதுவும் சொல்ல முடியாது" என்றார் அடுத்தவர். மூன்றாமவர், "வயசு 61, பீடி பிடிச்ச ஆளு, எதுக்கு வம்பு, எடுத்துடுங்க" என்றார்.

கடைசியில் அது ஹமார்ட்டோமா, அதாவது கேன்சர் இல்லாத சாதாக் கட்டி. அதற்கப்புறம் சொந்தத்திலும் தெரிந்த வட்டத்திலும் யாருக்காவது ரிப்போர்ட்டில் 'நாட்யூல்' (நுரையீரலில் சின்ன உருண்டை) என்று வந்தால் எனக்குத்தான் போன் வருகிறது, உங்க பெரியப்பாவுக்கு என்ன பண்ணீங்க என்று. அவருக்குச் செய்தது உங்களுக்குச் சரிப்படும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. அதனால் இருக்கிற வழிகளை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஃபைலைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷம் அலைந்தவன். முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து எடுங்கள், ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

"எது நல்ல வைத்தியம்?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நான் ஐந்து விஷயங்களை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடை போட்டேன்.

1. இது சாதாக் கட்டி என்று எவ்வளவு உறுதியாகத் தெரிகிறது?
2. அப்படியே விட்டால் ஏதாவது கெடுதல் செய்யுமா, அதாவது மூச்சுக்குழாயை அடைக்கிற இடத்தில் இருக்கிறதா, இல்லை ஓரத்தில் சும்மா கிடக்கிறதா?
3. நம் கணிப்பு தப்பாகி அது கேன்சராகவே இருந்துவிட்டால், இந்த வழியில் எவ்வளவு நாள் வீணாகியிருக்கும்?
4. உடம்பு என்ன இழக்கும்? நுரையீரலில் எவ்வளவு போகும், வலி எத்தனை நாள், மயக்க மருந்தைத் தாங்குமா?
5. பணம், லீவு, அலைச்சல், அப்புறம் தூக்கம். இந்தத் தூக்கத்தை யாரும் பில்லில் போடுவதில்லை.

இதில் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பாதி முடிந்த மாதிரி. ஆனால் நாங்கள் பார்த்த மூன்று பேருமே அதைத் தாண்டி நேராக மாத்திரைக்கும் ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் போய்விட்டார்கள், நாங்களும் பின்னாடியே ஓடினோம்.

## எந்த வழிக்கும் முன்னால்: மெல்லிய துண்டு சி.டி.யும் பழைய எக்ஸ்ரேயும்

நுரையீரலில் வரும் சாதாக் கட்டிகளே அபூர்வம், அதில் முக்கால்வாசி இந்த ஹமார்ட்டோமாதான். நுரையீரலில் இருக்கவேண்டிய குருத்தெலும்பு, கொழுப்பு, இணைப்புத் திசு எல்லாம் ஒழுங்கில்லாமல் ஒரே இடத்தில் குவிந்து உருண்டையானால் அதுதான் இது. 1904-ல் எய்கன் ஆல்பிரெக்ட் என்ற ஜெர்மன் நோய்க்குறியியல் மருத்துவர், 'பிழை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உண்டாக்கினார். பிறவியிலேயே நேர்ந்த பிழை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். பிற்பாடு இந்தச் செல்களில் 12-ஆம் குரோமோசோமில் மாற்றம் இருப்பது தெரியவந்ததும், இது நிஜமான கட்டிதான், ஆனால் கெடுதல் செய்யாத ரகம் என்று ஆனது. 50 வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் கண்ணில் படும், ஆண்களுக்குக் கூடுதல். பெரியப்பா அச்சு அசல் பொருந்தினார். ஆனால் அதே வயது, அதே பீடி கேன்சருக்கும்தானே பொருந்துகிறது, அதுதான் சிக்கல்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது கொழுப்பு. சி.டி.யில் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் ஒரு எண்ணாகச் சொல்வார்கள், பெயர் ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்புக்கு மைனஸ் 40-லிருந்து மைனஸ் 120-க்குள். ஓரம் வழவழப்பாக, 2.5 செ.மீ.க்குள் இருக்கிற ஒரு கட்டிக்குள் இந்தக் கொழுப்பு எண் தெளிவாகக் கிடைத்தால் அது ஹமார்ட்டோமா என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். 1986-லேயே சீகல்மனும் அவர் குழுவினரும் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். பாப்கார்ன் சிதறின மாதிரி சுண்ணாம்பு படிந்திருப்பது இன்னொரு அடையாளம், எல்லோரும் அதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள், ஆனால் அது சிலருக்குத்தான் தெரியும். கொழுப்பு சுமார் பாதிப் பேருக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், எங்களுக்கு முதலில் எடுத்த சி.டி. 5 மி.மீ. துண்டு. 18 மி.மீ. கட்டியை 5 மி.மீ. கனத்தில் நறுக்கினால் மூன்று நான்கு துண்டுதான் வரும், உள்ளே இருக்கிற இரண்டு மி.மீ. கொழுப்புத் திட்டு பக்கத்துத் திசுவோடு கலந்து சராசரியாகி மறைந்துவிடும். நான்காவதாகப் பார்த்த நெஞ்சக டாக்டர் ஃபிலிமைத் தொடக்கூட இல்லை, "ஸ்கேன் பதிஞ்ச வட்டு இருக்கா?" என்று கேட்டார். வட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "1 மி.மீ. துண்டுல திரும்ப எடுங்க, அந்த இடம் மட்டும் போதும், காசு கம்மியாத்தான் ஆகும்" என்றார். எடுத்தோம். கட்டியின் நடுவில் கர்சரை வைத்து ஒரு சின்ன வட்டம் போட்டார், திரையில் மைனஸ் 72 என்று வந்தது. "பாத்தீங்களா, கொழுப்பு" என்றார். அந்த ஓர் எண்ணுக்காக அதுவரை நாலு மாதம் போயிருந்தது.

ஆகவே ரிப்போர்ட்டில் 'கொழுப்பு இருக்கிறது' என்றோ 'இல்லை' என்றோ ஒரு வரியும் இல்லையென்றால், அந்த ஸ்கேன் சென்டருக்கே போன் போட்டுத் துண்டு கனம் எவ்வளவு என்று கேளுங்கள். அப்புறம் பீரோவைக் குடைந்து பழைய எக்ஸ்ரேயைத் தேடுங்கள், வேலைக்குச் சேரும்போது எடுத்தது, வெளிநாடு போக எடுத்தது, எதுவானாலும் சரி. திடமான ஒரு கட்டி இரண்டு வருஷமாக அளவு மாறாமல் இருந்தால் அது கேன்சராக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அந்த இரண்டு வருஷம் ஏற்கனவே உங்கள் பீரோவில் கழிந்திருக்கலாம்.

## வழி 0: "டிபி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்"

இதை நான் வழிகளில் சேர்க்கவே மாட்டேன், ஆனால் நம் ஊரில் முதலில் காதில் விழுவது இதுதான், அதனால் எழுதுகிறேன். டிபியும் நுரையீரலில் வட்டமான கட்டியாக வரும், நம்மிடம் டிபி அதிகம், எனவே சந்தேகம் நியாயமானதுதான். சளி வந்தால் சளியிலும், வராவிட்டால் மூச்சுக்குழாயைக் கழுவி எடுத்த நீரிலும் கிருமியைத் தேடுவது சரி. ஒன்றும் கிடைக்காமலேயே, வெறும் வட்டத்தைப் பார்த்து ஆறு மாத மாத்திரையை ஆரம்பிப்பதுதான் தப்பு. நாங்கள் முதல் டாக்டர் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் கொடுத்தோம். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதையும், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினதையும், கடைசியில் கல்லீரல் டெஸ்ட்டில் எண்கள் ஏறி மாத்திரையை நிறுத்தவேண்டி வந்ததையும் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. 18 மி.மீ. 18 மி.மீ.யாகவே இருந்தது. இருக்கத்தானே செய்யும், குருத்தெலும்புக்கும் கொழுப்புக்கும் ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்து என்ன செய்யும்? ஒருவேளை உள்ளே இருந்தது கேன்சராக இருந்திருந்தால் அந்த மூன்று மாதம் யார் கணக்கில் போயிருக்கும் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

## வழி 1: ஒன்றும் செய்யாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்டே பார்ப்பது

கொழுப்பு தெரிந்து, தொந்தரவும் இல்லாமல், ஓரத்தில் கிடக்கிற கட்டிக்கு இதுதான் என் முதல் ஓட்டு. கொழுப்பு தெரியாத கட்டியாக இருந்தாலும் அளவும் ஆபத்தும் குறைவென்றால் இதுவே போதும். நெஞ்சு ஸ்கேன் நிபுணர்களின் சங்கமான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல்படி, கேன்சர் வாய்ப்புக் குறைந்தவருக்கு 6 மி.மீ.க்குக் கீழே இருக்கிற ஒற்றைத் திடக்கட்டிக்குத் திரும்ப ஸ்கேனே வேண்டாம், 6-லிருந்து 8 மி.மீ. என்றால் 6 முதல் 12 மாதத்துக்குள் ஒரு சி.டி., 8-ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் சி.டி. அல்லது பெட் ஸ்கேன் அல்லது சதைப் பரிசோதனை என்று யோசிக்கச் சொல்கிறார்கள். இது 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், முன்பே கேன்சர் வந்தவர்களுக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் பொருந்தாது.

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. "வளர்ந்தால் கேன்சர், வளராவிட்டால் இல்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹமார்ட்டோமாவும் வளரும், வருஷத்துக்கு ஓரிரண்டு மி.மீ. முதல் நாலைந்து மி.மீ. வரைகூட. வளர்கிறதா என்பதைவிட எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. விட்டம் கால்வாசி கூடினாலே பருமன் இரட்டிப்பாகிவிடும், 10 மி.மீ. 12.6 ஆனால் போதும். கேன்சர் திடக்கட்டிகள் பொதுவாக 400 நாளுக்குள் அப்படி இரட்டிப்பாகும், சாதாக் கட்டி அதைவிட நிதானம். இன்னொன்று, 18 மி.மீ. அடுத்த ஸ்கேனில் 19 ஆனால் அது வளர்ச்சி என்று வீட்டில் அழவேண்டாம், அளக்கிறபோது அந்த அளவுக்கு முன்னே பின்னே வரும், 2 மி.மீ.யாவது மாறினால்தான் கணக்கு. முடிந்தவரை அதே சென்டரில், அதே துண்டு கனத்தில் எடுங்கள்.

மறைவான செலவு என்று பார்த்தால், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தின வாரம் வீடே இழவு விழுந்த மாதிரி இருக்கும். கதிர்வீச்சு பெரிய பயமில்லை, குறைந்த டோஸ் சி.டி. சுமார் 1.5 மில்லிசீவர்ட், நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே இயற்கையிலிருந்து வருஷத்துக்குச் சராசரியாக 2.4 படுகிறது. ஆனால் 'குறைந்த டோஸ்' என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அதைப் போலப் பல மடங்கில் சாதாரண சி.டி. எடுத்துவிடுவார்கள். இன்னும் ஒன்று: கட்டி ரிப்போர்ட்டில் ஏறின பிறகு புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால் அதை முன்பே இருந்த நோய் என்று 36 மாதம் வரை தள்ளி வைக்கலாம். மறைத்து எடுக்காதீர்கள், பின்னால் கிளெய்மே போய்விடும்.

யாருக்கு இது ஆகாது? சொன்ன தேதிக்கு ஸ்கேனுக்கு வராதவர்களுக்கு. சிரிக்காதீர்கள், "நல்லாத்தானே இருக்கேன்" என்று இரண்டாவது ஸ்கேனோடு நின்றுபோகிறவர்கள் ஏராளம்.

## வழி 2: பெட் ஸ்கேன்

சர்க்கரை கலந்த மருந்தை ஏற்றி, எந்தக் கட்டி அதை அதிகம் இழுக்கிறது என்று பார்ப்பது. ஹமார்ட்டோமா பெரும்பாலும் இழுக்காது. கேட்பதற்கு அருமையாக இருக்கிறது இல்லையா, நம் ஊருக்கு ஒத்துவராத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது: டிபியும் ஆறிப்போகாத பழைய புண்ணும்கூடப் பளீரென்று எரியும். அதனால்தான் ஆசிய நாடுகளுக்கென்று 2016-ல் வந்த வழிகாட்டுதல், டிபி அதிகமுள்ள இடங்களில் பெட் ஸ்கேனை ரொம்ப நம்பவேண்டாம் என்கிறது. மறுபக்கம், கார்சினாய்டு மாதிரி மெதுவாக வளரும் கேன்சர் ரகங்கள் இழுக்காமலும் போகும். 8 மி.மீ.க்குக் கீழே எடுத்தால் காசுக்குக் கேடு. சதை எடுக்கப் போவது உறுதி, எங்கே எடுப்பது, வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று தெரியவேண்டும் என்கிற நிலையில்தான் இதற்கு மதிப்பு.

## வழி 3: ஊசி போட்டு சதை எடுப்பது

கொழுப்பு தெரியவில்லை, 8 மி.மீ.க்கு மேல், ஆளுக்குப் புகைப் பழக்கம் இருந்தது, கட்டி நெஞ்சுச் சுவருக்குப் பக்கத்தில். இந்த நாலும் சேர்ந்தால் ஊசிதான் நியாயமான அடுத்த படி. சி.டி. மேசையிலேயே படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே விடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு.

பயப்படவேண்டிய விஷயம் காற்றுக் கசிவு. அமெரிக்காவில் 15,000-க்கும் மேற்பட்ட ஊசி பயாப்ஸிகளை வைத்து 2011-ல் வெளிவந்த கணக்கில், நூற்றுக்கு 15 பேருக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்தது, அந்தக் காற்றை வெளியேற்ற நெஞ்சில் குழாய் போடவேண்டி வந்தது நூற்றுக்கு ஆறேழு பேருக்கு. குழாய் போட்டால் அன்றே வீடு என்பது போய்ப் பல நாள் படுக்கையாகும், விமானப் பயணம் சில வாரங்களுக்குக் கிடையாது. நெஞ்சு வலிக்காக ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டியிருக்கும், அதையும் இதய டாக்டரைக் கேட்டுத்தான்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய செலவாகத் தோன்றுவது, இத்தனைக்குப் பிறகும் 'ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை' என்று தாள் வருவது. குருத்தெலும்பு கெட்டியானது, ஊசி வழுக்கிக்கொண்டு பக்கத்தில் போகும். மெல்லிய ஊசியில் வந்த சில செல்களை மட்டும் பார்த்து ஹமார்ட்டோமாவையே கேன்சர் என்று படித்துவிடுவதும் உண்டு. இன்னொரு அபூர்வ சாதாக் கட்டி, ஸ்க்லெரோசிங் நியூமோசைட்டோமா, பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கு வருவது, இது இன்னும் மோசமாக ஏமாற்றும். 1956-ல் முதலில் விவரித்தபோது ரத்தக்குழாய்க் கட்டி என்று பெயர் வைத்தார்கள், அது நுரையீரல் செல்லிலிருந்தே வருகிறது என்று தெரிந்து உலக சுகாதார நிறுவனம் 2015-ல் பெயரையே மாற்றியது. சின்னத் துணுக்கில் பார்த்தால் இது அடினோகார்சினோமா என்ற நுரையீரல் கேன்சர் ரகம் மாதிரியே இருக்கும். அதனால் "கேன்சர்" என்று வந்தாலும், சி.டி. படமும் ஆளும் அதற்கு ஒத்துப்போகவில்லை என்றால், அந்தக் கண்ணாடிச் சில்லுகளை வாங்கிக்கொண்டு வேறொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில்லைத் தரச்சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்படாதீர்கள்.

ஊசிக்கு முன் கட்டாயம் கேட்கவேண்டிய ஒரு கேள்வி: இது ரத்தக்குழாய் முடிச்சாகவோ, ஆடு மாடு நாய் புழங்கும் இடங்களில் வருகிற நாடாப்புழு நீர்க்கட்டியாகவோ இருக்க வாய்ப்பிருக்கிறதா? முன்னதில் ஊசி போட்டால் ரத்தம் கொட்டும், பின்னதில் நீர் கசிந்தால் ஆபத்தான ஒவ்வாமை வரலாம்.

## வழி 4: துளை போட்டு எடுத்துவிடுவது

விலாவுக்கு இடையில் இரண்டு மூன்று துளை, கேமரா, கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நுரையீரலோடு ஆப்பு வடிவில் வெட்டி எடுப்பது. ஹமார்ட்டோமா என்றால் பட்டாணியை உரிப்பது மாதிரி கட்டியை மட்டும் தோண்டி எடுக்கவும் முடியும். முழுக் கட்டியும் மேசைக்கு வருவதால் பதில் உறுதி, திரும்ப வருவது மிக அபூர்வம், அடுத்த ஸ்கேன் தேதியை நினைத்துப் பயந்து சாகவேண்டாம். வேகமாக வளர்கிற கட்டி, மூன்று செ.மீ.க்கு மேல் போன கட்டி, ஊசியில் பதில் வராதது, வயது குறைந்தவர், நிச்சயமின்மையைத் தாங்கவே முடியாதவர்: இவர்களுக்கு இது வழி 1-ஐவிட நல்லது. கடைசி ஆள் ரகத்தைச் சிலர் கேலி செய்கிறார்கள், நான் செய்யமாட்டேன்.

செலவு? முழு மயக்கம், நெஞ்சில் ஓரிரு நாள் குழாய், சில நாள் மருத்துவமனை. துளைதானே என்று நினைப்போம், விலா நரம்பு நசுங்கினால் மாதக்கணக்கில் பனியன் உரசினாலே சுரீரென்கும். அப்புறம் கட்டி நடுவில், பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் ஆப்பு வெட்ட முடியாது, ஒரு மடலையே எடுக்கவேண்டி வரும். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டுதான். சாதாக் கட்டிக்காக ஒரு மடலை இழப்பது என்னைப் பொறுத்தவரை ரொம்ப அதிக விலை. கையெழுத்துப் போடுமுன் "உள்ளே போய்ப் பார்த்த பிறகு என்னென்ன எடுப்பீங்க, எதைப் பார்த்து முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

## வழி 5: மூச்சுக்குழாய்க்குள் இருந்தால் கதையே வேறு

ஹமார்ட்டோமாவில் சுமார் பத்தில் ஒன்று மூச்சுக்குழாய்க்கு உள்ளே வளரும். கொழுப்புக் கட்டியும் மரு மாதிரியான பாப்பிலோமாவும் அங்கே வருவதுண்டு. தெரிந்த ஓர் அக்கா நாலு வருஷம் ஆஸ்துமா என்று இன்ஹேலர் இழுத்தார், நடுவில் மூன்று முறை நிமோனியா, மூன்றும் இடப்பக்கக் கீழ்மடலிலேயே. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, ஒரே பக்கத்தில் மட்டும் விசில் சத்தம் என்றால் மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாயை (பிராங்கோஸ்கோப்) விட்டுப் பார்க்காமல் விடக்கூடாது.

இங்கே பார்த்துக்கொண்டே இருப்பது தப்பான முடிவு. அடைப்புக்குப் பின்னால் இருக்கிற நுரையீரல் சீழ்பிடித்துக் கெட்டுவிட்டால் அப்புறம் அந்தப் பகுதியையே வெட்டவேண்டும். நல்ல நேரத்தில் பிடித்தால் பிராங்கோஸ்கோப் வழியாகவே, சுருக்குக் கம்பியாலோ லேசராலோ உறையவைத்தோ எடுத்துவிடலாம், நெஞ்சில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் எல்லா ஊரிலும் இதைச் செய்கிறவர்கள் இல்லை, பெரிய ஊருக்குப் போய்த் தங்கவேண்டியிருக்கும், வேர் குழாய்ச் சுவரைத் தாண்டிப் போயிருந்தால் மிச்சம் திரும்ப வளரும். கார்சினாய்டும் இதே இடத்தில் வரும், அது சாதாக் கட்டி கிடையாது, ரத்தமும் அதிகம் கசியும், ஆகவே பக்கத்தில் சர்ஜன் இருக்கிற இடமாகப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | எப்போது வேண்டாம் | மறைவான செலவு |
|---|---|---|---|
| ஸ்கேனில் பார்ப்பது | கொழுப்பு தெரிகிறது, ஓரத்தில், தொந்தரவில்லை | மூச்சுக்குழாய்க்குள், வேகமாக வளர்கிறது, ஸ்கேனுக்கு வரமாட்டார் | தூக்கம், காப்பீடு |
| பெட் ஸ்கேன் | சதை எடுப்பதற்கு முன் | 8 மி.மீ.க்குக் கீழ், பழைய டிபி | பொய்யான எச்சரிக்கை |
| ஊசி | கொழுப்பு தெரியவில்லை, புகைத்தவர், ஓரத்தில் | ரத்தக்குழாய் முடிச்சு, நீர்க்கட்டி சந்தேகம் | தெளிவில்லாத பதில், காற்றுக் கசிவு |
| துளை ஆபரேஷன் | வளர்கிறது, பெரியது, உறுதி தேவை | மடலையே எடுக்கவேண்டிய இடம், பலவீனமான இதயம் | மாதக்கணக்கில் நரம்பு வலி |
| குழாய் வழி | மூச்சுக்குழாய்க்குள் | சுவரைத் தாண்டியது | வெளியூர்ச் செலவு, திரும்ப வளர்தல் |

ஓரம் முள்முள்ளாக இருக்கிறது, சளியில் ரத்தம், எடை இறங்குகிறது, அல்லது ஏற்கனவே வேறெங்கோ கேன்சர் இருந்தது என்றால் இந்த அட்டவணையை மூடி வைத்துவிட்டு நேராகச் சதைப் பரிசோதனைக்குப் போங்கள்.

பெரியப்பா வழி 1-ல்தான் போனார். மைனஸ் 72 தெரிந்த பிறகு டாக்டர் ஆறாவது மாதத்தில் ஒன்று, அப்புறம் பதினெட்டாவது மாதத்தில் ஒன்று என்று இரண்டே சி.டி. எடுக்கச் சொன்னார். 18, பிறகு 19. அதோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். நடுவில் தள்ளிப்போட்ட குடலிறக்க ஆபரேஷன் எட்டு மாதம் கழித்துத்தான் நடந்தது, அதற்குள் அது பெரிதாகி, மூன்று டாக்டர்கள் பயந்த கட்டியைவிட அதுதான் அவரை அதிகம் படுத்தியது.

இப்போதும் வருஷத்துக்கு ஒருதரம் எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறார், வேண்டாம் என்று டாக்டர் சொன்னபிறகும். பெரியம்மா அதற்குத் தடை சொல்வதில்லை. அந்த சி.டி. வட்டு, ரேஷன் கார்டு வைத்திருக்கிற அதே பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது.